அம்மா அறைக் கதவில் ஒரு சிறு வாசல்: செங்காங் வீடொன்றில் பூனைக் கதவு பொருத்திய அனுபவம்

7 இரவுகளில் 23 முறை. என் அம்மா படுக்கையை விட்டு எழுந்து, பூனைக்காக அறைக் கதவைத் திறந்து மூடிய கணக்கு இது. ரத்த அழுத்த மாத்திரை நேரத்தைக் குறித்து வைக்கும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அம்மாவே எழுதியிருந்தார். "2.10 செல்லி வெளியே. 2.25 செல்லி உள்ளே. 4.05 புலி கதவைப் பிராண்டுகிறான்." அம்மாவுக்கு வயது 74. இரண்டு முழங்கால்களிலும் தேய்மானம். அந்தப் பக்கத்தைத் தற்செயலாகப் பார்த்த அன்றே பூனைக் கதவு, அதாவது பூனை தானே தள்ளிப் போய் வருவதற்காகக் கதவில் பொருத்தும் ஆடும் மடல், வாங்குவது என்று முடிவு செய்தேன். அது ஒழுங்காக வேலை செய்யத் தொடங்க ஏழு வாரம் ஆயிற்று. அதில் மூன்று வாரம் நான் செய்த ஒரு தவற்றால் போனது. அந்தத் தவற்றைத்தான் இங்கே விரிவாக எழுத நினைக்கிறேன், ஏனென்றால் எங்கள் வீட்டுக் கதவைப் போன்ற கதவுதான் இங்கே பெரும்பாலான அடுக்குமாடி வீடுகளில் இருக்கிறது.

வீடு சிங்கப்பூரின் செங்காங்கில், நான்கறை வீடு. நானும் மனைவியும் இங்கே புலியோடு இருந்தோம். புலி நாங்கள் தத்தெடுத்த ஆண் பூனை, நான்கு வயது, 6.1 கிலோ. 2024 இறுதியில் அண்ணன் குடும்பம் வேலை நிமித்தம் வெளிநாடு சென்றபோது, அவருடைய தரைவீட்டில் இருந்த அம்மா எங்களிடம் வந்தார். அவரோடு செல்லியும் வந்தாள். 14 வயது, 3.2 கிலோ, பாதியில் வளைந்து நிற்கும் குட்டை வால். வீவக எனப்படும் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் அடுக்குமாடி வீடுகளில் பூனை வளர்க்க 1989 முதல் இருந்த தடை அந்த ஆண்டு செப்டம்பர் 1ஆம் தேதிதான் விலகியிருந்தது. வீட்டுக்கு இரண்டு பூனை வரை வைத்துக்கொள்ளலாம். உரிமம் வேண்டும், மைக்ரோசிப் வேண்டும். 2026 ஆகஸ்ட் 31 வரை மாற்றக்காலம் தந்திருந்தார்கள் என்றாலும் நாங்கள் காத்திருக்கவில்லை. வந்த மாதமே செல்லிக்குச் சிப் பொருத்தினோம். புலிக்கு முன்பே இருந்தது. அரிசி மணி அளவுள்ள அந்தச் சிப்தான் பிறகு இந்தக் கதையில் திறவுகோலாக மாறியது.

மூடிய கதவும் மூன்று தேவைகளும்

செல்லிக்குச் சிறுநீரகக் கோளாறு. வயதான பூனைகளுக்கு இது மிகச் சாதாரணமாக வருவது. நிறையத் தண்ணீர் குடிப்பாள், அடிக்கடி சிறுநீர் கழிப்பாள். அவளுடைய மணல் தட்டு சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போடும் இடத்தில் இருக்கிறது. அம்மாவின் அறையிலேயே ஒரு தட்டு வைக்கலாம் என்றோம். அந்த அறையில் சாமி படங்கள் இருக்கின்றன. "அது மட்டும் வேண்டாம், தம்பி" என்று அம்மா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். எனக்கும் அதை வற்புறுத்த மனமில்லை.

இரவில் அம்மாவுக்கு ஏர்கான் வேண்டும், ஆகவே கதவு மூடியிருக்க வேண்டும். செல்லி அம்மாவின் காலடியில்தான் உறங்குவாள், ஆகவே அவள் நினைத்த நேரத்தில் வெளியே போய் வர வேண்டும். இவை இரண்டு. மூன்றாவதுதான் சிக்கலானது. செல்லி பகலெல்லாம் எதையும் தொடமாட்டாள், நள்ளிரவுக்கு மேல்தான் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்பாள். பாஸ்பரஸ் குறைத்த மருத்துவ உணவு அவளுக்கு. அந்தக் கிண்ணம் அம்மாவின் கட்டிலடியில் இருக்கிறது. அதைப் புலி கண்டால் இரண்டு நிமிடத்தில் காலி. ஆரோக்கியமான இளம் பூனைக்கு அது ஏற்ற உணவு அல்ல, செல்லிக்கோ அதுவே மருந்து. ஆகவே கதவு செல்லிக்குத் திறக்க வேண்டும், புலிக்குத் திறக்கக் கூடாது.

நாங்கள் பார்த்த பூனைக் கதவுகளின் அட்டைப்பெட்டிகளில் எல்லாம் தோட்டமும் புல்வெளியும்தான் படமாக இருந்தன. அவை பிறந்த நாடுகளில் அந்தக் கதவு வீட்டிலிருந்து தோட்டத்துக்குப் போகும் வழி. குறிப்புகளும் அப்படியே: காற்று அடித்தால் மடல் ஆடாமலிருக்க என்ன செய்வது, அண்டை வீட்டுப் பூனை நுழையாமலிருக்க என்ன செய்வது. இங்கே நமக்கு அந்த வழி கிடையாது, இருக்கவும் கூடாது. நண்பர்கள் இருவர் வாசல் கதவிலேயே வெட்டிவிடலாமே என்று கேட்டார்கள். வேண்டவே வேண்டாம் என்று இருவரிடமும் சொன்னேன். படிக்கட்டுக்கோ மின்தூக்கிக் கூடத்துக்கோ அருகே உள்ள பல வீடுகளின் வாசல் கதவு தீ தாங்கும் வகையைச் சேர்ந்தது. அதில் ஒரு துவாரம் போட்டால் அந்தப் பாதுகாப்பு அன்றோடு போயிற்று. தீ தாங்கும் கதவாக இல்லாவிட்டாலும், பொது நடைபாதைக்குப் போகும் பூனை பத்தாவது மாடியின் கைப்பிடிச் சுவரில்தான் போய் நிற்கும். எங்கள் இரும்புக் கதவுக்கும் ஜன்னல்களுக்கும் வலை அடித்திருக்கிறோம். பூனையை வீட்டுக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்பதைத்தான் தேசியப் பூங்காக் கழகமும் அறிவுறுத்துகிறது. ஆகவே சிங்கப்பூரில் பூனைக் கதவு என்றால் அறைக்கும் அறைக்கும் நடுவில்தான்.

மற்ற கதவுகளைப் பற்றியும் யோசித்தோம். மணல் தட்டை வீட்டுப் புகலிட அறைக்குள் (போர்க்காலத்தில் ஒதுங்குவதற்காகக் கட்டிய அறை) வைத்து அதன் கதவில் வெட்டலாமா என்று மனைவி கேட்டாள். அந்த இரும்புக் கதவில் எந்த மாற்றமும் செய்ய அனுமதியில்லை. சமையலறைக்கு நாங்கள் போட்டிருக்கும் கண்ணாடி நகர்கதவு உறுதிப்படுத்திய கண்ணாடி. அதைச் செய்து முடித்த பிறகு வெட்டவே முடியாது, வெட்ட முயன்றால் முழுப் பலகையும் சிறுசிறு துண்டுகளாக உதிர்ந்துவிடும். துவாரம் வேண்டுமானால் தயாரிக்கும்போதே சொல்லிச் செய்ய வேண்டும். குளியலறையின் மடிப்புக் கதவில் அகலமே இல்லை. எஞ்சியது அம்மாவின் அறைக் கதவு.

தேர்வு

மலிவான வகையில் மடல் வெறுமனே ஆடும். நான்கு வழித் தாழ்ப்பாள் உள்ளதில் உள்ளே மட்டும், வெளியே மட்டும், இரண்டும், முழுப் பூட்டு என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டுமே பூனைக்குப் பூனை வேறுபாடு பார்க்காது. கழுத்துப்பட்டையில் காந்தம் மாட்டுவது ஒரு வகை. செல்லி 14 ஆண்டில் ஒரு நாளும் பட்டை கட்டியதில்லை. வயதான காலத்தில் அதைத் தொடங்க வேண்டாம் என்று தோன்றியது. மிஞ்சியது மைக்ரோசிப்பைப் படிக்கும் வகை.

அது வேலை செய்யும் விதம் எளிமையானது. சிப்பில் மின்கலம் எதுவும் இல்லை. கதவின் சட்டத்தில் உள்ள சுருள் 134.2 கிலோஹெர்ட்ஸ் அலையை அனுப்புகிறது. பூனை தலையையும் தோளையும் நுழைக்கும்போது, தோள்பட்டைகளுக்கு நடுவே தோலுக்கடியில் இருக்கும் சிப் அந்த அலையிலிருந்தே சக்தி பெற்று, தன் 15 இலக்க எண்ணைத் திருப்பிச் சொல்கிறது. பதிவு செய்த எண் என்றால் தாழ் விலகும். கருவியை வாங்குவதற்கு முன்பே கால்நடை மருத்துவரிடம் போய் இரண்டு பூனைகளின் சிப்பும் சரியாகப் படிக்கிறதா, இருக்க வேண்டிய இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டோம். சில பூனைகளுக்குச் சிப் இடம் நகர்ந்துவிடும், அப்போது சுருளுக்கு எட்டாது.

இந்த வகையிலும் இரண்டு உண்டு. ஒன்று நுழையும்போது மட்டும் சரிபார்க்கும், வெளியே போவது யாருக்கும் தடையில்லை. மற்றொன்று இரு பக்கமும் பார்க்கும். விலை கூடுதலானதை வாங்கினால்தான் நல்லது என்று நினைத்தேன். யோசித்துப் பார்த்தால் எங்களுக்கு அது தேவையே இல்லை. அம்மாவின் அறைக்குள் யார் நுழைகிறார் என்பதுதான் கேள்வி. எப்படியோ உள்ளே மாட்டிக்கொண்ட புலி தானாக வெளியேற முடிவது உண்மையில் வசதி. கூடத்துப் பக்கத்தை "வெளி" என்று கொண்டு பொருத்த வேண்டும், அவ்வளவுதான். அப்படியும் கருவிக்கு 230 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் ஆயிற்று.

அளவில் மட்டும் நான் சிக்கனம் பார்க்கவில்லை. வழக்கமான பூனை அளவில் வாய் சுமார் 14 சென்டிமீட்டர் அகலம், 12 உயரம். பெரிய அளவில் இரண்டுமே 17 அளவுக்கு இருக்கும். 3.2 கிலோ பூனைக்குச் சிறியதே போதும் என்றுதான் யாரும் சொல்வார்கள். நான் அரிசி வந்த அட்டைப்பெட்டி ஒன்றில் இரண்டு அளவிலும் துவாரம் வெட்டி, மறுபக்கம் அவளுடைய உணவை ஐந்தாறு மணிகள் போட்டு, தரையில் படுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னத் துவாரத்தின் முன் செல்லி நின்றாள். மீசை இரண்டு பக்கமும் அட்டையில் உரசியது. தலை போயிற்று, தோள் போயிற்று. அதன் பிறகு முதுகை இறக்க வேண்டும். பின்னங்காலை மடக்கப் பார்த்தாள், வலது கால் நடுங்கியது, அப்படியே பின்வாங்கிவிட்டாள். பெரிய துவாரத்தில் முதுகை இறக்காமலே நடந்து போனாள். பூனையின் எடையோ அகலமோ அங்கே பொருட்டில்லை, அதன் மூட்டுகள்தான் பொருட்டு. பழைய அட்டைப்பெட்டியும் கத்தரிக்கோலும் இருந்தால் எவரும் பத்து நிமிடத்தில் செய்துவிடக்கூடிய சோதனை இது. வாங்குவதற்கு முன் தயவுசெய்து இதைச் செய்து பாருங்கள்.

தவறு

கதவு திண்மையான மரமா, உள்ளே வெற்றிடமா என்பதுதான் வெட்டுவதற்கு முன் தெரிந்திருக்க வேண்டிய முதல் செய்தி. நானும் அதைப் பார்த்தேன். கைப்பிடியைக் கழற்றி, பூட்டுக்கான துளைக்குள் டார்ச் அடித்தேன். இந்தப் புறத்திலிருந்து அந்தப் புறம் வரை மரம். திண்மையான கதவு என்று முடிவுகட்டினேன்.

வெற்றுக் கதவிலும் பூட்டு வரும் இடத்தில் மட்டும் ஒரு மரக்கட்டை வைத்திருப்பார்கள், பூட்டு பிடித்து நிற்பதற்காக. நான் பார்த்தது அந்தக் கட்டையை. சுற்றிலும் மரச் சட்டம், நடுவில் தேன்கூடு போல மடித்த காகிதம், இரு பக்கமும் மெல்லிய ஒட்டுப்பலகை: இதுதான் எங்கள் கதவின் உண்மையான உடம்பு. ரம்பம் உள்ளே போனதும் எதிர்ப்பே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போனபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். காகிதத் துணுக்குகள் கொட்டின. அப்போதும், பொருத்திவிட்டால் சரியாகிவிடும் என்று தொடர்ந்தேன்.

பூனைக் கதவு இரண்டு பாதிகளாக வரும். கதவின் இரு புறமும் வைத்து, நீண்ட திருகாணிகளால் ஒன்றோடொன்று இறுக்க வேண்டும். நடுவில் மரம் இருந்தால் அது இறுக்கத்தைத் தாங்கும். எங்கள் கதவில் தாங்க எதுவும் இல்லை. திருப்புளியைத் திருகத் திருக இரண்டு ஒட்டுப்பலகைகளும் உள்நோக்கி அமுங்கின. சட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைந்தது. வெளிப் பார்வைக்கு எல்லாம் ஒழுங்கு. ஆனால் மடலின் கீழ்விளிம்பு சட்டத்தில் உராய்ந்து, நேராகத் தொங்காமல் ஒரு விரல்கடை முன்னாலேயே நின்றது. தாழ் விழவில்லை. முதல் இரவே புலி உள்ளே போய்க் கிண்ணத்தைக் காலி செய்தான். அது பரவாயில்லை. இரண்டாம் இரவு செல்லி நுழையும்போது மடல் அவள் முதுகில் சிக்கி நின்றுவிட்டது. அவள் அலறிய சத்தத்தில் வீடே எழுந்தது. காயம் எதுவும் இல்லை. ஆனால் அதன் பிறகு பத்து நாள் அந்தக் கதவின் பக்கமே அவள் வரவில்லை, அம்மாவின் அறையிலும் படுக்கவில்லை. கூடத்து நாற்காலிக்கு அடியில் கிடந்தாள். அந்தப் பத்து நாள் அம்மாவும் சரியாக உறங்கவில்லை. இதை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு வருத்தமாகத்தான் இருக்கிறது.

திருத்தம்

எங்கள் புளோக்கில் வேலைக்கு வந்திருந்த மலாய்த் தச்சர் ஒருவரை மனைவி அழைத்து வந்தாள். அறுபது வயதுக்கு மேல் இருக்கும், பாக்சிக் என்றுதான் அழைத்தோம், மலாயில் மாமா என்பது போல. அவர் கருவியைப் பார்க்கவே இல்லை. மடக்கிய விரலால் கதவைத் தட்டிக்கொண்டே மேலிருந்து கீழே வந்தார். பூட்டருகே கெட்டியான சத்தம், நடுவில் மத்தளம் போல ஒலி, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்குள் மறுபடியும் கெட்டி. "கோசோங்" என்றார். பரோட்டாக் கடையில் அன்றாடம் கேட்கும் சொல்தான். வெறுமை. எனக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

வார நாள் ஒன்றில், காலை ஒன்பது மணிக்கு மேல்தான் வேலையைத் தொடங்கினார். கீழ்வீட்டில் கைக்குழந்தை இருக்கிறது, முன்தினமே போய்ச் சொல்லிவிட்டு வந்தோம். பூனைகள் இரண்டையும் எங்கள் அறையில் வைத்துக் கதவை மூடினோம். பாக்சிக் கீல்களிலிருந்து கதவைக் கழற்றித் தரையில் கிடத்தினார். வெட்டிய துவாரத்தின் நான்கு பக்கமும் காகிதத் தேன்கூட்டை இரண்டு விரல் ஆழத்துக்கு உளியால் சுரண்டி எடுத்தார். வெற்றிடத்தின் தடிமனை அளந்து, அதே தடிமனில் நான்கு மரச் சட்டங்களை இழைத்து, மரப்பசை தடவி உள்ளே செருகினார். ஒட்டுப்பலகைகளைப் பிடிப்பான்களால் இறுக்கி அப்படியே விட்டுவிட்டார். மறுநாள் பசை காய்ந்த பின் வந்து, உப்புத்தாளால் விளிம்பைத் தேய்த்து, ரசமட்டம் வைத்துப் பார்த்துக் கருவியைப் பொருத்தினார். திருகாணியை இறுக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் மடலை விரலால் ஆட்டிப் பார்த்தார். மடல் தடையில்லாமல் ஆடி, நடுவில் வந்து நிற்கும் வரைதான் இறுக்கம், அதற்கு மேல் ஒரு சுற்றுக்கூடக் கிடையாது. கூலி 120 வெள்ளி. புதுக் கதவு வாங்குவதை விட மிகக் குறைவு. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு மட்டும் நான் சொல்வது வேறு: வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு, பழைய கதவைக் கழற்றிப் பத்திரமாக வைத்து, வேறு கதவு வாங்கி அதில் வெட்டுங்கள். போகும்போது பழையதை மாட்டிவிடலாம்.

இன்னொரு சிக்கலையும் அவர்தான் கண்டார். துவாரத்தின் அடிவிளிம்பு பூனையின் வயிற்று உயரத்துக்கு இருக்க வேண்டும் என்பது பொது விதி. செல்லிக்கு அது தரையிலிருந்து 12 சென்டிமீட்டர். கதவின் அடிச் சட்டத்தை வெட்டினால் கதவே தளர்ந்துவிடும் என்பதால் அதற்கு மேல்தான் வெட்டியிருந்தோம். அடிவிளிம்பு பதிமூன்றரையில் வந்து நின்றது. ஒன்றரை சென்டிமீட்டர் என்பது புலிக்கு ஒன்றுமே இல்லை. மூட்டு தேய்ந்த கிழவிக்கு அது ஏறிக் கடக்க வேண்டிய வாசற்படி. கூடத்துப் பக்கம் 4 சென்டிமீட்டர் உயரத்தில் ஒரு பலகை போட்டுப் பழைய கால்மிதியை ஒட்டினோம். அறைப் பக்கம் அப்படிப் போட முடியாது, கதவு உள்நோக்கித் திறப்பதால் பலகை வழியை மறிக்கும். பாக்சிக் ஒரு சிறிய பலகையைக் கதவின் அடிச் சட்டத்திலேயே திருகிவிட்டார், தரைக்கும் அதற்கும் ஒரு விரல் இடைவெளி விட்டு. கதவு திறந்தால் படியும் கதவோடு சேர்ந்து திரும்புகிறது. எந்தக் குறிப்பேட்டிலும் நான் பார்க்காத தீர்வு அது.

அன்று இரவு ஏர்கானை ஓடவிட்டு, அணைந்தும் அணையாத ஊதுபத்தியை மடலின் ஓரமாக மெல்ல நகர்த்திப் பார்த்தேன். மேலேயும் பக்கங்களிலும் புகை நேராக எழுந்தது. கீழ் மூலையில் மட்டும் வளைந்து கூடத்தை நோக்கி ஓடியது. அங்கே ஒரு தூரிகைப் பட்டை ஒட்டினேன். குளிர்ச்சி அறவே கசியவில்லை என்று சொல்லமாட்டேன். முன்பு அம்மா அலுத்துப்போய்க் கதவை ஒருக்களித்து வைத்துவிட்டு உறங்கிய இரவுகளோடு ஒப்பிட்டால் இது மிகச் சொற்பம்.

பழக்குதல்

ஒரு முறை பயந்த பூனைக்கு இது புதிய பாடம் அல்ல, பழைய பயத்தைக் கழற்றும் வேலை. முதல் வாரம் மடலை மேலே தூக்கி ஒட்டுநாடாவால் கட்டிவிட்டோம். பேட்டரியே போடவில்லை. வெறும் துவாரம். மறுபக்கத்தில் அம்மா தரையில் உட்கார முடியாது என்பதால் முக்காலி போட்டு அமர்ந்து, அவளுடைய உணவு மணிகளைக் கையில் வைத்துக்கொண்டு, "வாடி, என் தங்கம்" என்று கூப்பிடுவார். மூன்றாம் நாள் தலை வந்தது. ஐந்தாம் நாள் முழுப் பூனையும் வந்தது. இரண்டாம் வாரம் துணி காயப்போடும் கவ்வியைச் செருகி மடல் பாதி திறந்திருக்குமாறு வைத்தோம். மூக்கால் தள்ளிப் பழகினாள். மூன்றாம் வாரம்தான் முழு மடல். பேட்டரி போட்டு, எண்ணைப் பதிவு செய்தோம். தாழ் விலகும்போது எழும் "டிக்" சத்தத்துக்குத்தான் மீண்டும் இரண்டு நாள் தயங்கினாள். ஒரு முறைகூட அவளைத் தூக்கித் துவாரத்தில் தள்ளவில்லை. யார் என்ன சொன்னாலும் அதைச் செய்யாதீர்கள். ஒரு தள்ளலில் ஒரு மாத உழைப்பு போய்விடும்.

புலி சும்மா இருக்கவில்லை. செல்லிக்குப் பின்னாலேயே, தாழ் மறுபடி விழும் முன், ஒட்டிக்கொண்டு நுழையக் கற்றுக்கொண்டான். கருவியில் விரைந்து பூட்டும் அமைப்பு இருந்தது, அதைப் போட்டதும் குறைந்தது. இரவு படுக்கும் நேரத்தில் அவனுடைய உணவைச் சமையலறையில் வைக்கத் தொடங்கியதும் ஏறத்தாழ நின்றது. பசித்த பூனையை எந்தக் கதவாலும் முழுமையாகத் தடுக்க முடியாது என்பது என் கணிப்பு.

மூன்று மாதத்துக்குப் பின்

செல்லியின் எடை இப்போது 3.4 கிலோ. அவள் தன் உணவை முழுதாகத் தின்கிறாள் என்பதுதான் மருத்துவருக்கு மகிழ்ச்சி. நான்கு பேட்டரிகளும் இன்னும் மாற்றப்படவில்லை. மடலின் ஓரத்தில் ரோமம் சேர்ந்தால் தாழ் சரியாக விழுவதில்லை, ஆகவே ஞாயிறுதோறும் ஈரத்துணியால் துடைக்கிறேன். உள்பக்கப் படியின் ஒரு திருகாணி மட்டும் தளர்ந்திருந்தது, இறுக்கினேன். அவளுடைய வலது பின்னங்கால் இன்னும் தளர்ந்தால் கூடத்துப் படியை இரண்டு தட்டாக்க வேண்டியிருக்கும், பலகை வாங்கி வைத்திருக்கிறேன்.

அம்மா அந்த நோட்டில் குறிப்பதை நிறுத்தவில்லை. போன வாரத்துப் பக்கத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தேன். 7 இரவுக்கும் சேர்த்து ஒரே ஒரு வரி: "3.40. செல்லி இல்லை. நான்தான், தண்ணீர் குடிக்க."